பொம்மை காரில் ஸ்டிக்கர் உரிந்தால் எதை வைத்து ஒட்டுவது?

கேள்வி இதுதான்: பையன் விளையாடும் பொம்மை கார்களிலும், அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மாடல் கார்களிலும் ஸ்டிக்கர்கள் ஓரம் எழும்பி நிற்கின்றன, சில இடங்களில் செதில் செதிலாக உதிர்கின்றன. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு அமுக்கினால் போதாதா?

போதாது. இருப்பதையும் கெடுத்துவிடும். அந்த வகைப் பசைக்கு சயனோஅக்ரிலேட் என்று பெயர். காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறுகும். அப்போது கிளம்பும் ஆவி சுற்றுவட்டாரத்தில் படிந்து, வெளுத்த பூசணம் மாதிரி ஒரு படலத்தை விட்டுவிடும். கறுப்பு, அடர்சிவப்பு கார்களில் அது பளிச்சென்று தெரியும், கண்ணாடி பாகத்தில் படிந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும். அசிட்டோனோ பசையோடு சேர்த்து பெயின்ட்டையும், காரின் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். போதாக்குறைக்கு, வைத்த நொடியில் பிடித்துக்கொள்வதால் கோணலாக உட்கார்ந்த ஸ்டிக்கரை நகர்த்தவும் வழியில்லை. நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் தின்னர், பெட்ரோல் மூன்றையும் இதே காரணத்துக்காகத் தள்ளி வையுங்கள்.

எந்தப் பசை என்று முடிவு செய்வதற்கு முன், காரின் மேல் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் சாய்வாக விழும்படி காரைப் பிடித்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி நிறமே இல்லாத மெல்லிய படலம் ஒன்றின் விளிம்பு தெரிந்தால் அது டீகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டுவது. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கனமாக இருந்து, எழும்பிய ஓரம் ஒடியாமல் வளைந்து கொடுத்தால் வினைல் அல்லது பாலியெஸ்டர் ஸ்டிக்கர். எழும்பிய ஓரத்தில் வெள்ளை நார் தெரிந்தால் காகித ஸ்டிக்கர். விளிம்பே இல்லாமல் பெயின்ட்டோடு பெயின்ட்டாக இருந்தால் டாம்போ அச்சு.

டாம்போவை முதலில் முடித்துவிடலாம். பள்ளம் செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒரு சிலிக்கான் மெத்தை எடுத்துக் காரின் மேல் ஒத்திவிடும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஹாட் வீல்ஸ் 1974-இல் ‘ஃப்ளையிங் கலர்ஸ்’ வரிசையில் இதைக் கொண்டுவந்தது. இன்று கடையில் தொங்கும் சின்ன உலோகக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். இது உரியாது, தேய்ந்துதான் போகும். தேய்ந்ததை ஒட்ட முடியாது. அதே படம் டீகாலாகக் கிடைத்தால் மேலே போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். பையன் விளையாடித் தேய்ந்த கார் என்றால் நான் தொடவே மாட்டேன்.

அடுத்தது டீகால். அலமாரி மாடல்களில் செதில் செதிலாக உதிர்கிறது என்றால் அநேகமாக இதுதான். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். கீழே தாள், அதன் மேல் தண்ணீரில் கரையும் டெக்ஸ்ட்ரின் பசை, அதன் மேல் மை, எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் ஒரு மெல்லிய லாக்கர் படலம். டெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சிலிருந்து வருவது, பழைய தபால்தலைகளின் பின்னால் இருந்த அதே சரக்கு. அதற்குப் பெரிய பலம் கிடையாது. படலம் காரின் மேற்பரப்போடு இடைவெளி இல்லாமல் படிந்திருப்பதால்தான் டீகால் நிற்கிறது. அடியில் காற்று சிக்கினாலோ, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தாலோ, விரல் எண்ணெய் இருந்தாலோ அந்த இடத்தில் பிடி இல்லை. முதலில் அங்கே வெள்ளி மாதிரி மினுங்கும், பிறகு ஓரம் எழும்பும், அப்புறம் உடையும்.

ஃபார்முலா ஒன் மாடல் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளால் 1/43 அளவு (நிஜக் காரில் 43-இல் ஒரு பங்கு) மெக்லாரன், ஃபெராரி மாடல்கள் பல, மார்ல்போரோ எழுத்து இல்லாமலே விற்பனைக்கு வந்தன. சேர்ப்பவர்கள் டீகால் தாளைத் தனியாக வாங்கித் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். கம்பெனி பெயின்ட்டைத் துடைக்காமல் மேலேயே ஒட்டி, அதற்கு மேல் வார்னிஷும் அடிக்காமல் விட்ட டீகால்கள்தான் சில வருஷத்தில் பக்கவாட்டிலிருந்து கழன்று வருகின்றன. பழைய மாடல் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தால், கம்பெனி எழுத்துகள் ஒழுங்காக இருக்க ஸ்பான்சர் எழுத்து மட்டும் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

எழும்பிய டீகாலை உட்காரவைக்கும் முறை இது. முதலில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தெறிக்கும், எழும்பிய துண்டும் பறந்துவிடும். அடுத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொட்டைப் பிரஷ் நுனியில் எடுத்து எழும்பிய ஓரத்தில் வையுங்கள். தண்ணீர் தானாகவே அடியில் ஓடும், அந்த இடம் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். காய்ந்த படலம் அப்பளம் போல நொறுங்கக்கூடியது, ஈரம் பட்டு இளகும் முன் விரல் வைத்து அமுக்கினால் கதை முடிந்தது. ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் படலத்துக்கு அடியிலேயே உப்புக் கறை நிற்கும், அதை எடுக்க மறுபடி முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல வருஷத்துக்கு வரும்.

படலம் இளகியதும் பசை. மாடல் கடைகளில் இதற்கென்றே திரவங்கள் விற்கிறார்கள். மைக்ரோஸ்கேல் கம்பெனியின் மைக்ரோ செட், ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் மார்க் செட்டர் ஆகியவை டீகாலை உட்காரவைப்பதற்கு. மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஆகியவை படலத்தை இன்னும் இளக்கி மேடு பள்ளங்களில் படியவைப்பதற்கு. எழும்பிய டீகாலுக்கு மார்க் செட்டர் வசதி, அதிலேயே பசை கலந்திருக்கிறது. இவை கிடைக்கவில்லை என்றால் ஃபெவிகால் எம்ஆர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்ட அளவு என்று கலந்துகொள்ளுங்கள். வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும். அந்தச் சோப்புத் துளியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கலவை முத்துமுத்தாக நிற்குமே தவிர அடியில் ஓடாது.

இந்தக் கலவையை எழும்பிய வாயில் ஒரு சொட்டு வைத்து, காரைச் சற்றே சாய்த்து உள்ளே போகவிடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த காட்டன் பட்ஸை, ஒட்டியிருக்கும் பகுதியிலிருந்து எழும்பிய ஓரத்தை நோக்கி உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். ஓரத்தில் பிதுங்கி வருவதை டிஷ்யூ பேப்பரின் முனையால் உறிஞ்சி எடுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் சுற்றிலும் பசைக் கறை தெரிந்தால் ஈரப் பட்ஸால் துடைத்தால் வந்துவிடும். ஃபெவிகாலில் எனக்குப் பிடித்ததே இதுதான்: தப்பாகப் போனால் தண்ணீரால் திரும்ப எடுத்துவிடலாம்.

கதவுக் கோடு, ரிவெட், வளைந்த மட்கார்டு ஆகியவற்றின் மேல் போகும் டீகால் இத்தனைக்குப் பிறகும் எழும்பினால் சாஃப்டர் தேவைப்படும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு புள்ளி வைத்துச் சோதியுங்கள், சில கம்பெனிகளின் டீகால்கள் வலுவான சாஃப்டரைத் தாங்காமல் கரையும். தடவியதும் படலம் சுருங்கிக் கோணல்மாணலாகும். பயந்துபோய்க் கையை வைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது ஈரக் காகிதத்தை விடப் பலவீனமாக இருக்கும். விட்டுவிட்டால் காயும்போது தானே இழுத்துக்கொண்டு பெயின்ட்டோடு படியும். நடுவில் வெள்ளிப் புள்ளி இருந்தால் நுண்ணிய ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, அதன் மேல் சாஃப்டரை வைத்தால் உள்ளே போய்ப் படியவைக்கும்.

ஏற்கெனவே விரிசல் விட்டு உதிரும் டீகால் என்றால் வரிசை மாறும். முதலில் மேலிருந்து பிடிப்பு கொடுக்க வேண்டும். மைக்ரோஸ்கேலின் லிக்விட் டீகால் ஃபிலிம் அல்லது தண்ணீரில் கரையும், பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை மென்மையான பிரஷ்ஷால், ஒரே இழுப்பில், மெல்லிசாக. அது காய்ந்து உடைந்த துண்டுகளை ஒன்றாகப் பிடித்த பிறகுதான் ஓரத்துக்கு அடியில் பசை. உதிர்ந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள், ஃபெவிகால் கலவையில் ஒவ்வொன்றாகத் திரும்ப உட்காரவைக்கலாம்.

கடைசியில் மேல் பூச்சாக கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் டீகால் நீண்ட நாள் நிற்கும். ஸ்ப்ரே கேனில் வரும் லாக்கர் கிளியரை ஒரே முறையில் கனமாக அடித்தால் டீகால் சுருண்டுவிடும், தூரத்திலிருந்து தூசி போல இரண்டு மூன்று முறை. மழைக்காலத்தில் அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் கிளியர் பால் மாதிரி வெளுத்துப்போகும்.

பையனின் பொம்மைகளில் பெரும்பாலும் வினைல் அல்லது பாலியெஸ்டர் ஸ்டிக்கர்தான் இருக்கும். இங்கே வேலை எளிது. இந்த ஸ்டிக்கர் எழும்புவதற்குப் பசை காய்ந்தது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. வளைவில் இழுத்து ஒட்டிய வினைல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதனால் மூலையிலிருந்து எழும்பும். மென்மையான வினைலுக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் மெதுவாகப் பசைக்குள் இறங்கி அதைக் கொழகொழவென்று ஆக்கும். மொட்டைமாடி வெயிலிலும், நிறுத்தி வைத்த காரின் டாஷ்போர்டிலும் விடப்பட்ட பொம்மைகளில் இது சீக்கிரம் நடக்கும். இன்னொன்று, பிளாஸ்டிக் பாகத்தை அச்சிலிருந்து எளிதாக எடுக்கப் பூசும் மெழுகுத் தன்மையுள்ள திரவம். அது துடைக்கப்படாமல் இருந்தால் புதுப் பொம்மையிலேயே ஸ்டிக்கர் நிற்காது.

எழும்பிய ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் தூக்கி, அடியில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தூசியும் முடியும் பாய்போல் படிந்திருக்கும். இதை அப்படியே வைத்து மேலே எந்தப் பசையைப் போட்டாலும் தூசியோடுதான் ஒட்டும். மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி ஒட்டி எடுத்தால் பெரும்பகுதி தூசி அதோடு வந்துவிடும். காரின் பக்கத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்வது இதைத்தான். பெயின்ட் அடித்த காராக இருந்தால் அடிப்பக்கத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுத் துடையுங்கள். டாம்போ எழுத்தின் மேல் படவே வேண்டாம், அழியலாம்.

அப்புறம் குச்சி நுனியால் பழைய பசையைத் தொடுங்கள். நூல் இழுத்தால் பசைக்கு உயிர் இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஸ்டிக்கர் துவளும் வரை காட்டுங்கள். புறங்கையை அதே இடத்தில் வைத்தால் தாங்க முடிய வேண்டும், தாங்கவில்லை என்றால் சூடு அதிகம். பிறகு துணி சுற்றிய விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, சூடு ஆறும் வரை விரலை எடுக்காதீர்கள். பலர் சூடாக்கி அமுக்கிவிட்டு உடனே விட்டுவிடுகிறார்கள், ஆறும்போது அது மறுபடி எழும்புகிறது. அமுக்கத்தில் இருக்கும்போதே ஆறினால்தான் வினைல் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்து, மூன்று நாள் பையன் கையில் கொடுக்காமல் இருங்கள். அழுத்தத்தால் ஒட்டும் அக்ரிலிக் பசைகள் முழுப் பிடிக்கு வர ஏறக்குறைய 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

பசை பொடியாக உதிர்ந்தாலோ கொழகொழவென்று நகர்ந்தாலோ, அது செத்துப்போன பசை. ஸ்டிக்கரைச் சூடாக்கி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுத்தெடுத்து முழுவதும் கழற்றுங்கள். காரில் ஒட்டியிருக்கும் பிசினை லைட்டர் ஃப்ளூயிட் அல்லது யூகலிப்டஸ் தைலம் தொட்ட பட்ஸ் எடுத்துவிடும். இரண்டையும் மறைவான இடத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தைலம் பாலிஸ்டைரீனை அரிக்கக்கூடியது, அதனால் பாகங்களாக வாங்கி நாமே சேர்க்கும் கிட் மாடல்களில் வேண்டாம். லைட்டர் ஃப்ளூயிட் தீப்பிடிக்கும் சரக்கு, சமையலறையிலும் குழந்தை பக்கத்திலும் வைத்துச் செய்யாதீர்கள். எதைத் தொட்டாலும் கடைசியில் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவையுங்கள், எண்ணெய் மிச்சம் இருந்தால் புதுப் பசை பிடிக்காது.

கழற்றிய ஸ்டிக்கருக்குப் புதுப் பசையாக நான் பரிந்துரைப்பது டிரான்ஸ்ஃபர் டேப். நடுவில் பிளாஸ்டிக்கோ பஞ்சோ இல்லாமல் வெறும் பசைப் படலமாக வரும் டேப் இது. 3எம் கம்பெனியின் 467எம்பி இந்த வகை, அதன் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். ஸ்டிக்கரின் பின்பக்கம் முழுவதும் அதை ஒட்டி, ஓரத்தைப் புது பிளேடால் வெட்டி, மேல்தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண டபுள் சைட் டேப் தடிமனாக இருப்பதால் ஓரம் மேடாகத் தெரியும், பொம்மைக்குப் பரவாயில்லை. ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசை பிடிக்கும்தான், ஆனால் அதன் கரைப்பான் பெயின்ட்டைக் கடிக்கும், மெல்லிசாகத் தடவவும் வராது.

மூலை எப்போதும் கூர்மையாக இருந்தால் மறுபடி அங்கிருந்துதான் கிளம்பும். கத்தரியால் மூலையை ஒரு மில்லிமீட்டர் வட்டமாக வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். தாமியா ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடி வைத்திருப்பவர்கள் இதைத் தவறாமல் செய்வார்கள். அந்த பாடிகளில் பெயின்ட் உள்பக்கம், ஸ்டிக்கர் வெளிப்பக்கம். புல்லிலும் மண்ணிலும் உரசும்போது முதலில் மாட்டுவது மூலைதான். கதவுக் கோட்டின் மேல் போகும் ஸ்டிக்கரைக் கோட்டின் நீளத்துக்கு பிளேடால் கீறி இரண்டு பக்கமும் தனித்தனியாக அமுக்குவதும் அதே கூட்டத்தின் பழக்கம்.

குழந்தை உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார்கள் தனிக் கதை. அவற்றின் பாடி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், தொட்டால் மெழுகுத் தன்மை தெரியும் பிளாஸ்டிக். இதன் மேல் ஃபெவிகாலோ சாதாரண ஸ்டிக்கர் பசையோ நிலைக்காது. ஐபிஏ போட்டுத் துடைத்து, சூடாக்கி அமுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். அதற்கு மேல் மெனக்கெடாமல் புது ஸ்டிக்கர் போடுவது மேல்.

காகித ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். 1970-களின் மேட்ச்பாக்ஸ், கோர்கி கார்களின் ஸ்டிக்கர்கள் பலவும் காகிதம். ஆல்கஹால், தைலம், தண்ணீர் எதுவும் ஆகாது, மை ஓடும், காகிதம் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகும். தண்ணீர் கலக்காத ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியில் தொட்டு, அடியில் பூசியதே தெரியாத அளவுக்குத் தடவி, மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து ரப்பர் பேண்ட் போட்டு இரவு முழுக்க விடுங்கள். போஸ்டர் ஒட்டும் மைதா பசையும் காகிதத்துக்கு நன்றாகவே பிடிக்கும், ஆனால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வந்து ஸ்டிக்கரோடு தின்றுவிடும், வேண்டாம். விலை போகக்கூடிய பழைய கார் என்றால் ஸ்டிக்கரைக் கழற்றாமல், எழும்பிய ஓரத்தை மட்டும் ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் நைந்த அசல் ஸ்டிக்கருக்கு இருக்கும் மதிப்பு பளபளக்கும் நகலுக்குக் கிடையாது.

ஒட்டவே முடியாத நிலை என்றால், கிழிந்ததைத் தூக்கி எறிவதற்கு முன் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நேர்க்கோணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பைக் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் கட்டிங் செய்து கொடுக்கும் கடைகளில் அந்தப் படத்தைக் காட்டினால் வினைலில் அச்சிட்டு வெட்டித் தருவார்கள். பையனின் பொம்மைக்கும் பேட்டரி காருக்கும் அது தாராளம். 1/43, 1/24 மாடல்களுக்கு அது தடிமன் அதிகம், டீகால் தாள் வாங்கி வீட்டு பிரின்டரில் அச்சிடலாம். இங்க்ஜெட் பிரின்டர் என்றால் தண்ணீரில் போடுவதற்கு முன் கிளியர் அடித்துக் காயவைத்தே தீர வேண்டும், இல்லையென்றால் மை கரைந்து ஓடிவிடும். வீட்டு பிரின்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது. ஆகவே கறுப்பு, சிவப்பு கார்களில் போடும் படமாக இருந்தால் நிறமில்லாத தாளை வாங்காமல் வெள்ளைப் பின்னணி உள்ள டீகால் தாளாகக் கேட்டு வாங்கி, படத்தின் விளிம்பை ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.